பூஸ்டரைக் கழற்றிவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்குள் போன் சிக்னல் இல்லை. அம்மா இருதய நோயாளி. ராத்திரியில் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டி வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். அதனால் சில மாதங்களுக்கு முன் புறக்கோட்டைக் கடை ஒன்றில் பெயர் தெரியாத சிக்னல் பூஸ்டர் ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் அன்ரனா பூட்டினோம். கடைக்காரர் பில் தரவில்லை. கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் போன வாரம் போன் கம்பனி ஆட்கள் இருவர் கையில் ஒரு அன்ரனாவைப் பிடித்தபடி ஒழுங்கையில் நின்று எங்கள் கட்டடத்தைக் காட்டிக் கதைத்தார்கள் என்று காவலாளி சொன்னார். மறுநாள், 'மொட்டை மாடியில் உள்ள அன்ரனா யாருடையது?' என்று முகாமைத்துவக் குழுச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நியூ ஜேர்சியில் இருக்கும் அண்ணா, 'அதைக் கழற்றிவிட்டு நான் கொண்டுவந்து தந்த அமெரிக்கப் பூஸ்டரைப் போடு, அதில் அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது' என்கிறார். போட்டால் சரியாகிவிடுமா? நாங்கள் செய்தது பெரிய குற்றமா, தண்டம் எவ்வளவு? யாராவது வந்தால் கதவைத் திறக்க வேண்டுமா? பழைய பூஸ்டரை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றுவிடலாமா? வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பயம்.

வெள்ளவத்தை வாசகர்

பதில்:

அன்பின் வாசகருக்கு,

இதை வாசித்து முடிக்கும் முன் எழுந்துபோய் அந்தப் பூஸ்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணினால் போதாது. வீட்டில் யாராவது தெரியாமல் திரும்பப் போட்டுவிடுவார்கள். அடப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போகும் கேபிளையும் உள்ளே இருக்கும் சின்ன அன்ரனாவின் கேபிளையும் கருவியிலிருந்து திருகிக் கழற்றுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்கள் கேள்விகளில் பாதிக்கு என்னால் உங்களுக்குச் சாதகமான பதில் எதுவும் சொல்ல முடியாது. பிழை என்று தெரியாமல் ஓடவிட்டது ஒரு கதை. கேள்வி எழுதி அனுப்பிவிட்டு ஓடவிட்டது வேறு கதை. நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள்.

கழற்றியாயிற்றா? சரி.

இலங்கையில் இந்த விஷயத்தை ஆள்வது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம். 1996இல் வந்த 27ஆம் இலக்கத் திருத்தத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. எல்லோரும் டி.ஆர்.சி. என்று சொல்வது அதைத்தான், அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. 2024இல் இன்னொரு திருத்தமும் வந்தது. உங்களுக்கு முக்கியமானவை இரண்டு பிரிவுகள். 22ஆம் பிரிவின்படி, வானொலி அலைவரிசை ஒன்றையோ, அலைகளை வெளியிடும் கருவி ஒன்றையோ பயன்படுத்த ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 21ஆம் பிரிவு வியாபாரிக்கானது: தொலைத்தொடர்புக் கருவிகளைத் தொழிலாக இறக்குமதி செய்கிறவர், விற்கிறவர், வாடகைக்குக் கொடுக்கிறவர், திருத்துகிறவர் எல்லோருக்கும் விற்பனையாளர் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது 22இன் கீழ் வருகிறது. புறக்கோட்டைக் கடையில் நடந்தது 21இன் கீழ் வருகிறது. பில் தராததற்குக் காரணமும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

'அப்படியென்றால் என் கையில் இருக்கும் போனும் அலை வெளியிடும் கருவிதானே, அதற்கு நான் எங்கே அனுமதி எடுத்தேன்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் போன் தன் இஷ்டத்துக்குப் பேசுவதில்லை. எப்போது, எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பதைக் கோபுரம்தான் நொடிக்கு நொடி போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோபுரம் அனுமதிப்பத்திரம் உள்ள கம்பனியுடையது. அந்த அலைவரிசைகளுக்கு ஆணைக்குழுவிடம் கட்டணம் கட்டி வாங்கியிருப்பதும் அந்தக் கம்பனிதான். பூஸ்டர் கோபுரத்தின் பேச்சைக் கேட்பதே இல்லை. காதில் விழுந்ததை எல்லாம், யாருடையது என்று பாராமல், பெருக்கி வெளியே தள்ளும். ஒரு கம்பனியின் சிக்னலுக்காக வாங்கிப் பூட்டினாலும் மற்றக் கம்பனிகளின் அலைவரிசைகளும் அதோடு சேர்ந்து பெருகும். ஆகவே இது உங்களுக்கும் உங்கள் கம்பனிக்கும் இடையிலான விஷயம் மட்டும் அல்ல.

ஒழுங்கையில் நின்ற இருவரும் ஏன் வந்தார்கள் என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. மலிவான பூஸ்டர்களில் உள்ள பெரிய கோளாறு, மொட்டை மாடி அன்ரனா வெளியே அனுப்புவதை வீட்டுக்குள் இருக்கும் அன்ரனா திரும்பக் கேட்டு, அதை மறுபடி பெருக்கி மறுபடி அனுப்புவது. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'கீ' என்று ஓர் அலறல் வருமே, அதேதான், என்ன, நம் காதுக்குக் கேட்காது. கோபுரத்துக்குக் கேட்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் கோபுரத்தின் சிக்னல் வாங்கும் கருவியில் இரைச்சல் ஏறிவிடும். தூரத்தில் இருந்து பேசும் போன்களின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கும். கோல் அறுந்துபோகும், டேட்டா நத்தையாகும். கம்பனியின் கணினித் திரையில் இது உடனே தெரியும். எந்தக் கோபுரம், அதன் எந்தப் பக்கம் என்பது வரை அங்கேயே தெரிந்துவிடும். மிச்சத்தைத் திசை காட்டும் அன்ரனாவும் அலைகளை அளக்கும் கருவியும் கொண்டு நடந்தே கண்டுபிடிக்கிறார்கள். அன்ரனாவை மெதுவாகச் சுழற்றி, இரைச்சல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள். கட்டடத்தைக் காட்டிக் கதைத்தார்கள் என்றால் கடைசிப் படிக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்காகப் பூட்டிய கருவியால் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் இன்னொருவரின் 1990 கோல் போகாமல் இருந்திருக்கலாம் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இனி அண்ணாவின் அமெரிக்கப் பூஸ்டர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'சான்றிதழ் இருக்கிறது' என்ற நம்பிக்கையில் இதைக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்காவில் இதற்குப் பொறுப்பான கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, அதாவது எப்.சி.சி., 2013இல் பூஸ்டர்களுக்கென்றே தனி விதிகளை ஏற்றது. 2014 மார்ச் 1ஆம் திகதிக்குப் பிறகு அங்கே வீட்டுப் பாவனைக்கு விற்கும் பூஸ்டர் அந்த விதிகளுக்குப் பொருந்த வேண்டும்: பெருக்கத்துக்கு ஒரு மேல் எல்லை, நான் சொன்ன அந்த அலறல் தொடங்கினால் தானாகவே அடங்கும் ஏற்பாடு, இப்படிப் பல. ஆனால் சான்றிதழோடு அங்கேயும் விஷயம் முடிவதில்லை. அண்ணா தந்த பெட்டியையும் கருவியின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். பாவிக்கும் முன் உங்கள் போன் கம்பனியில் இந்தக் கருவியைப் பதிவு செய்ய வேண்டும், கம்பனியின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்லும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அன்ரனாவையும் கேபிளையும் மட்டுமே பூட்ட வேண்டும், அன்ரனா ஆட்களிடமிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், எப்.சி.சி.யோ கம்பனியோ நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்றெல்லாம் இருக்கும். அவசர அழைப்பில் நீங்கள் இருக்கும் இடம் பிழையாகக் காட்டப்படலாம் என்றும் ஒரு வரி இருக்கும். அம்மாவை நினைத்துப் பூஸ்டர் தேடும் உங்களுக்கு அந்த வரி முக்கியம். பெரிய கட்டடங்களுக்கான தொழில்முறைப் பூஸ்டர் என்றால் எச்சரிக்கை இன்னும் கடுமை: அனுமதி இல்லாமல் பாவித்தால், தொடரும் ஒவ்வொரு மீறலுக்கும் 1,00,000 டொலருக்கு மேல் அபராதம் வரக்கூடும் என்று கருவியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

ஆக, அமெரிக்காவிலேயே அந்தச் சான்றிதழ் 'இந்தக் கருவி இந்த நாட்டு அலைவரிசைகளில், கம்பனி சம்மதித்தால் பாவிக்கத் தக்கது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வெள்ளவத்தையைப் பற்றி அது பேசவே இல்லை. இங்கே ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம், அதாவது இந்த மொடல் கருவி இந்த நாட்டுக்கு ஏற்றது என்ற ஒப்புதல், தனியாக வேண்டும், அதற்கு மேல் 22ஆம் பிரிவின் அனுமதியும் வேண்டும். விமான நிலையத்தில் யாரும் பெட்டியைத் திறந்து கேட்கவில்லை என்பதும் அனுமதி ஆகாது.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கருவி இங்கே உருப்படியாக வேலையும் செய்யாது. போன் கோபுரத்தோடு பேச ஓர் அலைவரிசைத் துண்டும், கோபுரம் போனோடு பேச வேறொரு துண்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். இப்படிச் சோடி சேர்ந்த துண்டுகளைப் பட்டை என்பார்கள். நம் நாட்டில் புழங்கும் 1800 பட்டையில் போன் பேசுவது 1710 முதல் 1785 மெகாஹேர்ட்ஸ் வரை, கோபுரம் பேசுவது 1805 முதல் 1880 வரை. 2100 பட்டையில் போனுக்கு 1920 முதல் 1980 வரை, கோபுரத்துக்கு 2110 முதல் 2170 வரை. அமெரிக்கப் பட்டை ஒன்றில் போனுக்கு 1710 முதல் 1755 வரை, கோபுரத்துக்கு 2110 முதல் 2155 வரை. இப்போது பொருத்திப் பாருங்கள். உங்கள் போன் இங்கே 1800 பட்டையில் நின்றால், அமெரிக்கப் பூஸ்டர் உங்கள் குரலைப் பெருக்கும், கோபுரத்தின் குரலைப் பெருக்காது. 2100இல் நின்றால் நேர்மாறு: கோபுரத்தின் குரல் பெருகும், உங்கள் குரல் பெருகாது. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும், கோல் போகாது. அதைவிட மோசம், கோபுரம் இவ்வளவு பலமாகக் கேட்பதால் அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று போன் நினைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் குறைந்த சக்தியிலேயே கூப்பிட்டுப் பார்க்கும். கோடு நிறையக் காட்டும் போனை நம்பி ராத்திரி 1990ஐ அழுத்துவதைவிட, கோடே இல்லாமல் வாசலுக்கு ஓடுவது மேல்.

அதோடு நிற்காது. அமெரிக்காவின் 1900 பட்டையில் போன் பேசும் துண்டு 1850 முதல் 1910 வரை. இங்கே 1850 முதல் 1880 வரை கோபுரங்கள் பேசும் இடம். ஆகவே அந்தப் பூஸ்டர் இங்கே உள்ள கோபுரத்தின் சிக்னலை வீட்டுக்குள் பிடித்து மொட்டை மாடியிலிருந்து ஒழுங்கைக்கே திருப்பி அனுப்பப் பார்க்கும். சான்றிதழ் பெற்ற நல்ல கருவிதான், தப்பான நாட்டில் நிற்கிறது.

'லண்டனில் அனுமதிக்கிறார்களே, சென்னையில் விற்கிறார்களே' என்பதும் அடிக்கடி காதில் விழுவதுதான். பிரித்தானியாவில் 2018 முதல், விதித்த தொழில்நுட்ப நிபந்தனைகளுக்குப் பொருந்தும் சில வகைக் கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்ட கருவியையும் பூட்ட அங்கேயும் விடுவதில்லை. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரி 21ஆம் திகதி அறிவுறுத்தலில், அனுமதி பெற்ற சேவைக் கம்பனிகளைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பாவிப்பதும் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. சென்னையில் கடையில் கிடைக்கிறது என்பதால் அங்கே சட்டபூர்வம் என்று ஆகாது, புறக்கோட்டையில் கிடைத்ததால் இங்கே ஆகாதது மாதிரி.

தண்டம் எவ்வளவு என்று கேட்டீர்கள். ஒரு தொகையைச் சொன்னால் உடனே அதைப் பூஸ்டரின் விலையோடும் அம்மாவின் நிம்மதியோடும் ஒப்பிட்டு, 'பிடிபட்டால் கட்டிவிட்டுப் போகிறேன்' என்ற முடிவுக்கு வருவீர்கள். வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டத்தின் உச்ச வரம்பு, குற்றச்சாட்டு எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் அந்தப் பிரிவைத் திருத்தங்கள் எப்படித் தொட்டிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இணையத்தில் சுற்றும் சட்டப் பிரதிகளில் பல 1991இன் மூலப் பிரதிகள். அவற்றில் உள்ள தொகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு இருக்காதீர்கள். அழைப்பாணை வந்தால், அதில் எழுதியிருக்கும் பிரிவை 1996, 2024 திருத்தங்களோடு சேர்த்து ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களைப் போன்றவருக்கு தண்டப்பணம் இரண்டாம் பட்சம். முதலாவது, நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால் அது பதிவாகும். வெளிநாட்டு வேலைக்கும் விசாவுக்கும் கேட்கும் பொலிஸ் சான்றிதழை, நாம் 'பொலிஸ் ரிப்போர்ட்' என்று சொல்வதை, நீங்கள் எடுக்கப் போகும் நேரம் இது. விசா விண்ணப்பத்தில் 'எப்போதாவது குற்றத்தீர்ப்புப் பெற்றிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில், சிறிய குற்றம் பெரிய குற்றம் என்று பிரித்து எழுத இடம் இருக்காது.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றச்சாட்டு நிரூபணமானாலும், ஆளின் நடத்தை, முற்சரித்திரம், வயது, குற்றத்தின் அற்பத் தன்மை, அது நடந்த சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை, நோயாளித் தாய், தெரிந்தவுடனே தானாகக் கழற்றியது: இவை எல்லாம் அந்தப் பிரிவின் கீழ் சொல்லத்தக்க காரணங்கள். 'தானாகக் கழற்றியது' என்பது உண்மையாக இருந்தால்தான் சொல்லலாம். அதனால்தான் எழுந்துபோகச் சொன்னேன். இன்னொன்று: சிலர் அலைச்சலுக்குப் பயந்து முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சட்டத்தரணி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டோடு குற்றத்தீர்ப்பும் கூடவே வரும்.

கதவைத் திறக்கும் விஷயம். வருவது யார் என்பதைப் பொறுத்தது. போன் கம்பனி ஊழியருக்கு உங்கள் வீட்டுக்குள் நுழையவோ கருவியை எடுத்துச் செல்லவோ எந்த அதிகாரமும் இல்லை. அவர்களால் முடிந்தது ஆணைக்குழுவுக்கு அறிக்கை கொடுப்பது. ஆனாலும் அவர்களை விரட்டாதீர்கள். 'கருவி நிறுத்தப்பட்டுவிட்டது, நீங்கள் அளந்து பார்க்கலாம்' என்று வாசலில் நின்று சொன்னால் போதும். அவர்களுக்குத் தேவை இரைச்சல் நிற்பது, உங்கள் பெயர் அவ்வளவு தேவையில்லை. பல விஷயங்கள் அந்த இடத்திலேயே அடங்கிவிடுகின்றன. ஆணைக்குழு அலுவலரோ பொலிஸோ வந்தால், அடையாள அட்டையைப் பாருங்கள், நீதிமன்ற ஆணை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள், தடுக்காதீர்கள். எதையாவது எடுத்துச் சென்றால் எழுத்தில் விவரம் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் ஒப்புவிக்கவும் வேண்டாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கம்பனி ஊழியரிடமோ செயலாளரிடமோ வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை. சுருக்கமாகப் பேசுங்கள் என்கிறேன்.

இரவோடிரவாகக் கருவியைக் கொண்டுபோய் வெள்ளவத்தைக் கடலில் எறிந்துவிடலாம் என்ற யோசனையும் வரும். வேண்டாம். தேடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு கருவியை அழிப்பது சான்றை மறைத்த தனிக் குற்றமாகப் பார்க்கப்படலாம். கழற்றி, பெட்டியில் போட்டு, அலுமாரிக்கு மேலே வையுங்கள்.

விற்பது அதைவிட மோசம். இணையத்தில் விளம்பரம் போட்டால் உங்கள் தொலைபேசி இலக்கத்தோடும் கருவியின் படத்தோடும் நீங்களே சாட்சியம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாங்கினவர் இன்னொரு ஒழுங்கையில் பூட்டுவார், அங்கே பிடிபட்டால் 'இவரிடம் வாங்கினேன்' என்று உங்கள் இலக்கத்தைக் காட்டுவார். இப்போது வெறும் பாவனையாளராக இருக்கும் நீங்கள், விற்பனையாளர் என்ற சந்தேகத்துக்கும் ஆளாவீர்கள். புறக்கோட்டைக் கடையில் காசைத் திருப்பிக் கேட்கலாம், கேட்டால் கிடைக்கவும் கூடும், ஏனென்றால் கடைக்காரருக்குத்தான் உங்களைவிடப் பயம் அதிகம். அதற்கும் கருவியைக் கையில் கொடுக்க வேண்டிவரும் என்பதால், கம்பனி விஷயம் அடங்கும் வரை பொறுத்திருங்கள். வாங்கியதற்கான வாட்ஸ்அப் உரையாடலோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் அழிக்காதீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கும்போது உதவும்.

செயலாளரின் நோட்டீஸ் வேறு கணக்கு. மொட்டை மாடி கட்டடத்தின் பொதுப் பகுதி. அங்கே எதையும் பூட்டுவதற்கு, வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தை நடத்தும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும், நீங்கள் வாடகைக்காரர் என்பதால் வீட்டுச் சொந்தக்காரர் மூலமாகவே கேட்டிருக்க வேண்டும். அன்ரனாவைக் கழற்றி, சுவரில் துளை போட்டிருந்தால் மழைநீர் இறங்காதபடி அடைத்துவிட்டு, செயலாளரை நேரில் கண்டு, 'எங்களுடையதுதான், எடுத்துவிட்டோம்' என்று சொல்லுங்கள். அவரோடு சமாதானமாக இருப்பது உங்களுக்கு அவசியம், ஏனென்றால் சிக்னல் பிரச்சினைக்கு நிரந்தர வழி அவர் கையெழுத்தோடுதான் வரும்.

அந்த வழி இதுதான். கட்டடத்துக்குள் சிக்னல் கொண்டுவரும் கருவியை உரிய அலைவரிசை உள்ள கம்பனி தானே பூட்டலாம். கோபுரத்தோடு ஒத்துப்போகும்படி அளந்து பூட்டுவார்கள். தனி வீட்டுக்காரர் ஒருவர் கேட்டால் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கடிதத் தலைப்பில், கீழ்த்தளத்திலும் வாகனத் தரிப்பிடத்திலும் லிப்ட்டிலும் இத்தனை வீடுகளுக்குச் சிக்னல் இல்லை என்று எழுதினால் அதற்கு வேறு மதிப்பு. கடிதத்தில் எந்த அறை, எந்த நேரம், எந்தக் கம்பனி சிம் என்று விவரமாக எழுதுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இலக்கத்தோடு ஆணைக்குழுவின் 1900 என்ற தொலைபேசிக்கு எடுக்கலாம். கருவியைக் கழற்றிய பிறகு எடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அது வரும்வரை அம்மாவுக்கு என்ன செய்வது? வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் அதோடு ஒரு நிலையான தொலைபேசியையும் எடுத்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1990க்கு அதிலிருந்தே எடுக்கலாம், சிக்னல் தேவையில்லை. கறன்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதுதான் ஒரே சிக்கல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறன்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ரவுட்டருக்கென்றே சின்ன பற்றரி யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது, பைபர் பெட்டிக்கும் சேர்த்துப் போடுங்கள். பூஸ்டரும் கறன்ட் இல்லாமல் ஓடியிருக்காது என்பதை அண்ணாவிடம் சொல்லிவைக்கலாம்.

உங்கள் கம்பனியும் போனும் வை-ஃபை கோலிங் தருமா என்று கேட்டு, தந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். சாதாரணக் கோலே வீட்டு வை-ஃபை வழியாகப் போகும். அறைக்கு வை-ஃபை எட்டவில்லையென்றால் வை-ஃபை எக்ஸ்டெண்டர் வாங்குவதில் பிரச்சினை இல்லை, கடைக்காரர்கள் அதையும் 'பூஸ்டர்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். அதில் சிம் சிக்னல், ஜி.எஸ்.எம்., 900, 1800 என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றக் கம்பனிகளின் சிம்மை மேல்மாடிக்காரர் யாரிடமாவது ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, உங்கள் அறைகளில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஒரே ஒழுங்கையில் ஒரு கம்பனி செத்துக் கிடக்க இன்னொன்று நன்றாக எடுப்பது கொழும்பில் சாதாரணம்.

அமெரிக்கப் பூஸ்டரைப் பிரிக்காமல் அதே பெட்டியில் வைத்து, அண்ணா அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அவர் கம்பனியில் அதைப் பதிவு செய்தால் நியூ ஜேர்சியில் அவருக்கே பயன்படும்.